தாண்டிப் படித்த பக்கங்கள்

எனக்கு அறிவியல் வராது. பள்ளியில் ஐந்தாம் படிவத்தில் பௌதிகத்துக்கு வாங்கிய மதிப்பெண்ணை இன்றுவரை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. ஆனால் விண்வெளிக் கதை என்றால் விட மாட்டேன். கொமுட்டர் ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் போதும், கையில் ஒரு தடித்த ஆங்கில நாவல் விரிந்துவிடும். அதில் எப்படியும் ஒரு கப்பல் வியாழனையோ சனியையோ நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். போர்ட் கிள்ளானில் வாரம் ஐந்து நாள் சரக்குக் கப்பல்களுக்குப் படிவம் நிரப்புகிற குமாஸ்தாவுக்கு வேறு கப்பல்கள் தேவைப்படத்தான் செய்யும்.

அறிவியல் தெரியாதவன் எப்படி இதையெல்லாம் படிக்கிறான் என்று சிலர் கேட்பார்கள். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. புரியாத பக்கம் வந்தால் தாண்டிவிடுவேன். முள்ளை ஒதுக்கிவிட்டு மீனைத் தின்பதில்லையா, அந்த மாதிரிதான். இரண்டு பக்கத்துக்குச் சுற்றுப்பாதைக் கணக்கு போடுவார்கள், மூன்றாம் பக்கத்தில் யாராவது "அப்படியென்றால் நாம் செத்தோம்" என்பார்கள். எனக்கு அந்த மூன்றாம் பக்கம் போதும். கணக்கு சரியாகத்தான் இருக்கும், எழுதியவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு நம்பிக்கை. முப்பது வருடம் இப்படியே படித்து, சந்தோஷமாகவே இருந்திருக்கிறேன்.

நான் சொல்லப்போகிற நாவலைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை வாசல் ஐந்தடி நடைபாதையில், பழைய புத்தகக் குவியலில் எடுத்தேன். அட்டையில் ஒரு மூலை மடங்கிப்போயிருந்தது. எழுதியவரை அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. புரட்டினால் பத்துப் பக்கத்துக்கு ஒரு வரைபடம், வால்வு, தொட்டி, அம்புக்குறி. இதில் தாண்டுவதற்கு நிறைய இருக்கிறது என்று நினைத்துத்தான் வாங்கினேன். அதைச் சரியாக முதலில் படிக்கப்போவது நான் அல்ல, என் அண்ணன் என்று அப்போது தெரியாது.

அண்ணன் என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். கம்போங் மேடானில் மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் பாய்லர்மேன். பெரிய கொதிகலனுக்குக் காவல் இருக்கிற வேலை அது. மணிக்கு ஒரு தடவை அழுத்தமானியைப் பார்க்க வேண்டும், தண்ணீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும், தாளில் எழுத வேண்டும். எண் கூடினாலோ குறைந்தாலோ காரணத்தைப் பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும். பாய்லரை விட்டு ஓய்வு பெற்றாலும் அந்தப் புத்தி அவரை விட்டுப் போகவில்லை. வீட்டில் சமையல் கேஸ் தோம்பு மாற்றிய தேதிகூடச் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கும். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விட மாட்டார். அண்ணிக்கு அதில் எரிச்சல் வரும், எனக்குச் சிரிப்பு வரும்.

போன வருடம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் இரண்டாம் மாடியில் நின்று இளைப்பாறினார், பிறகு முதல் மாடியிலேயே. ஜனவரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அவர் உள்ளே ஒரு குழாயில் ஊதிப் பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது டாக்டர் வெளியே வந்து என்னையும் அண்ணியையும் அழைத்தார். இளம் பெண். ஆங்கிலத்தில் மெதுவாக, எங்களுக்குப் புரிகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பேசினார். நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டே வருகிறது, ஏனென்று தெரியவில்லை, திருப்ப முடியாது. வருடக் கணக்கில் நினைக்காதீர்கள், மாதக் கணக்கில் நினையுங்கள். ஆறு மாதம், கூடிப்போனால் எட்டு. அவருக்கு இது தெரிய வேண்டும், நான் சொல்லட்டுமா என்று கேட்டார்.

"நானே தமிழில் சொல்லிவிடுகிறேன்" என்றேன். அவர் அதை நம்பினார். நம்பாமலிருக்க அவருக்கு என்ன காரணம்?

டாக்டர் உள்ளே போனதும் அண்ணி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உங்க கால்ல வேணா விழறேன். அவருகிட்ட சொல்லிராதீங்க. எங்கப்பாகிட்ட இப்படித்தான் சொன்னாங்க. மறு வாரம் பாத்தா ஆளு இல்ல. பொண்ணுகிட்டயும் சொல்லாதீங்க. அவ அழுதுக்கிட்டே அப்பாகிட்ட உளறிருவா."

நம் வீடுகளில் இதுதான் வழக்கம். நோய் ஒருவருக்கு, சேதி மற்றவர்களுக்கு. என் அப்பாவுக்கும் அப்படித்தான் செய்தோம், அப்போது யாரும் தப்பாக நினைக்கவில்லை. அண்ணி சொன்னதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன் என்று பிறகு பல தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கஷ்டமான பக்கம், தாண்டிவிட்டேன்.

மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடுகிற தாதி அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். காற்றாடிக்குக் கீழே நிறுத்தினோம்.

"என்னாடா சொன்னாங்க?"

"ரெண்டு மூணு வருஷத்துக்குப் பயமில்லன்னாங்க அண்ணே. மூச்சுப் பயிற்சிய மட்டும் ஒழுங்கா செய்யணுமாம்."

"ரெண்டா, மூணா?"

"அது பயிற்சியப் பொறுத்துதான்."

அவர் தலையாட்டினார். அண்ணனுக்கு மலாய் என்னைவிட நன்றாக வரும், டாக்டரிடம் நேரில் கேட்டிருக்கலாம். ஆனால் குடும்பத்தில் படித்தவன் என்று ஒருவன் கூட வந்திருக்கும்போது அவர் எதற்குக் கேட்க வேண்டும்? அடுத்த தடவைகளில் டாக்டர் அவருக்கு விஷயம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, ஓய்வெடுங்கள், வீட்டாரோடு இருங்கள் என்று கனிவாகப் பேசினார். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு தொண்டு நிறுவனம் ஆக்ஸிஜன் மெஷின் இரவல் கொடுத்தது. குட்டி அலமாரி அளவு, நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். மூக்கிலிருந்து மெஷின் வரை ஒரு நீளக் குழாய். அது கூடத்துக்கு எட்டும், குளியலறைக்கு எட்டும், சமையலறையில் பாதி வரை எட்டும், வெளியே நடைபாதைக்கு எட்டாது. முதல் நாளே அளந்து வைத்துக்கொண்டார். விரலில் மாட்டுகிற கருவி ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன், ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறதென்று காட்டும். பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கோடு போட்டு, மணிக்கு ஒரு தடவை அந்த எண்ணை எழுத ஆரம்பித்தார்.

அவர் காத்திருந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அவருடைய ஒரே மகள், நாங்கள் பாப்பா என்று கூப்பிடுகிறவள், நியூசிலாந்தில் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறாள். வருடத்துக்கு ஒரு தடவைதான் லீவு கிடைக்கும், ஒரு தடவைதான் வர முடியும். அது எப்போது என்று முடிவெடுக்க வேண்டும். சீக்கிரம் வந்து போய்விட்டால் பிறகு அவசரத்துக்கு வர முடியாது. தள்ளிப்போட்டால் அப்பா எப்படி இருப்பாரோ. அவளிடம், நுரையீரல் கொஞ்சம் பலவீனம், அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தேன். அவளும் என்னைத்தான் நம்பினாள்.

சனிக்கிழமை தோறும் நான் கிள்ளானிலிருந்து ரயிலேறி கம்போங் டத்தோ ஹாருன் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்து அவர் வீட்டுக்குப் போவேன். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பையிலிருந்து தின்பண்டத்தை எடுக்கும்போது அந்த நாவலும் வெளியே வந்து விழுந்தது. அண்ணன் எடுத்துப் புரட்டினார். எழுத்தை அல்ல, படங்களை. ஒரு படத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இது ரிலீஃப் வால்வுலா. பிரஷர் ஏறினா தானா தொறக்கும். இத எதுக்குக் கதப் புத்தகத்துல போட்டிருக்கான்?"

"தெரியல அண்ணே. அந்தப் பக்கத்த நான் படிக்கல."

"வாங்கிட்டு ஏன் படிக்கல?"

புத்தகத்தை என்னிடமே திருப்பி நீட்டினார். "நீ படி, எனக்குச் சொல்லு" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. நான் ஆங்கிலத்தில் ஒரு பத்தி படிப்பேன், தமிழில் சொல்லுவேன். சனிக்கிழமைக்கு ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் அவருக்குத் தாங்காது.

கதை இதுதான். நான்கு பேர் வியாழனின் ஒரு நிலவுக்குப் போகிறார்கள், உறைந்த பனியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துத் திரும்புவதற்கு. தலைவி ஒரு பொறியாளர். திரும்பி வரும் வழியில் ஒரு வால்வு சரியாக மூடாமல் தொட்டியில் கசிவு. யாருக்கும் தெரியாமல் வாரக் கணக்கில் கசிகிறது. மிச்சமிருக்கும் தண்ணீரைப் பிரித்தால் மூச்சுவிடக் காற்று கிடைக்கும். எஞ்சினுக்கு எரிபொருளும் அதே தண்ணீரிலிருந்துதான் வர வேண்டும். இரண்டுக்கும் போதாது.

நான் என் வழக்கப்படி கணக்கு வந்த இடங்களில் எல்லாம் தாவினேன். இரண்டாவது வாரமே பிடித்துவிட்டார்.

"டேய், நீ பக்கம் திருப்பற சத்தம் கேக்குது. நடுவுல என்னா இருக்கு?"

"நம்பருதான் அண்ணே. போரடிக்கும்."

"நம்பருதான்டா கத."

வேறு வழியில்லாமல் படித்தேன். புரியாமல் படித்ததை அவர் கேட்டுக் கேட்டுத் திருத்திப் புரிந்துகொண்டு எனக்கே திருப்பிச் சொன்னார். ஒரு மனிதன் ஒரு நாளைக்கு எவ்வளவு காற்றை மூச்சாக இழுக்கிறான், அதற்கு எவ்வளவு தண்ணீரைப் பிரிக்க வேண்டும், விட்ட மூச்சைச் சுத்தம் செய்கிற பெட்டி எத்தனை நாள் தாங்கும். பாய்லருக்குள் தண்ணீர் ஊட்டுகிற பம்பை வைத்து அவர் விளக்குவார், நான் முதல் தடவையாகப் பௌதிகம் புரிந்துகொண்டு ஆச்சரியப்படுவேன். விண்வெளியில் ஓடுகிற கப்பல் தானாக நிற்காது, உரசி நிறுத்த அங்கே ஒன்றுமில்லை, ஓட எவ்வளவு எரிபொருள் வேண்டுமோ நிற்கவும் அவ்வளவு வேண்டும் என்பதை முப்பது வருடம் இந்தக் கதைகளைப் படித்த எனக்கு மூன்றாம் படிவம் படித்த என் அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தாலும் அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். கணக்கு புரிந்தபின் கதையில் யாராவது ஒரு வால்வைத் திருகினாலே மீதித் தண்ணீர் எத்தனை நாளைக்கு என்று இரண்டு பேரும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவோம். தாண்டிப் படித்த காலத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் இதன் மேல்தோல்தான். தாவுகிறவனுக்கு யார் சாகிறார்கள் என்று தெரியும், ஏன் சாகிறார்கள் என்று தெரியாது.

அந்தத் தலைவியை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவள் தினமும் காலையில் மீதமிருக்கும் காற்று எத்தனை நாளைக்கு வரும் என்று எல்லோரும் பார்க்கும்படி கப்பல் சுவரில் எழுதுவாள். மற்ற மூவரில் ஒருவன் கோபப்படுகிறான், அதை அழித்துவிடு, பார்க்கப் பயமாக இருக்கிறது என்கிறான். அவள் மறுக்கிறாள். அந்த இடத்தில் அண்ணன் என்னை நிறுத்தச் சொன்னார்.

"அதான் முற. பாய்லர் ரூம்லயும் அப்படித்தான். கேஜ எல்லாரும் பாக்கற எடத்துல வெக்கணும். நம்பர மறச்சு வெச்சா எவனாவது ஒருத்தன் சாவான்."

சமையலறையில் அண்ணி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது எனக்குக் கேட்டது. நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, "சரிதான் அண்ணே" என்றேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல வாசல் யாரும் திறந்துவிட மாட்டார்கள்.

மே மாதக் கடைசியில் முடிவுக்கு வந்தோம். கடைசி அத்தியாயத்தை நான் அன்று காலை ரயிலிலேயே படித்துவிட்டேன். சுபாங் ஜெயா தாண்டும்போது கண் நிறைந்துவிட்டது, எதிரில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண்மணி டிஷ்யூ எடுத்து நீட்டினார். கதையில் அவர்கள் தண்ணீரை மூச்சுக்கே செலவழித்துவிடுகிறார்கள். பூமி வரை உயிரோடு வந்துவிடுவார்கள், ஆனால் நிறுத்த எரிபொருள் இல்லை. வளிமண்டலத்தில் உரசி நிற்கலாம் என்றால் அந்த வேகத்தில் சாம்பலாகிவிடுவார்கள். ஆகவே பூமியின் பக்கத்தில் வந்து, அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சில மணி நேரம் வீட்டாரோடு தடையில்லாமல் பேச முடிகிறது. பிறகு குரல் தாமதமாகிறது, பிறகு இன்னும் தாமதமாகிறது.

இதை அவரிடம் சொல்ல முடியாது என்று நிலையத்திலிருந்து நடக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். மூக்கில் குழாயோடு, உதடு நீலம் பாய்ந்து உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? எனவே வேறு முடிவு ஒன்றைச் செய்தேன். பூமியிலிருந்து இன்னொரு கப்பல் கிளம்பி வந்து அவர்களோடு ஒட்டிக்கொள்கிறது, நான்கு பேரும் அதில் ஏறி வீடு திரும்புகிறார்கள். புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, படிக்கிற மாதிரியே சொன்னேன். நன்றாகவே வந்தது. தலைவி கடைசியில் மழையில் நிற்கிற மாதிரிகூட ஒரு காட்சி வைத்தேன்.

அண்ணன் பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"அந்த ரெண்டாவது கப்பலு எப்படிப் புடிச்சது?"

"பின்னாலயே வேகமா வந்து."

"அவங்க வேகத்துக்கு வந்தாதான ஒட்ட முடியும்? ஒட்டினப்புறம் அதுவும் அதே வேகத்துலதான போவும்? எத வெச்சு நிப்பாட்டுவான்?"

"அதுல எரிபொருள் இருந்திச்சி அண்ணே."

"அவ்ளோ தூக்கிட்டுக் கெளம்ப முடியாதுன்னு நீதான படிச்ச? ஒம்போதாவது அத்தியாயத்துல?" அவர் கோபப்படவில்லை. பிழையான தாளைக் கொண்டு வந்து காட்டுகிற பயிற்சிப் பையனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். "கணக்கு ஒத்துவரலலா. இவ்ளோ ஒழுங்கா எழுதினவன் கடைசியில இப்படி எழுத மாட்டான். உள்ளத படி."

படித்தேன். இந்தத் தடவை ஒரு வரி விடவில்லை. கப்பல் பூமியைத் தாண்டியபோது என் குரல் உடைந்தது, அவருடைய முகமோ தெளிவாகிக்கொண்டே வந்தது. முடித்ததும் நிறைவாக ஒரு தடவை தலையாட்டினார்.

"இதான் சரி. பாவம்தான், ஆனா சரி." பிறகு என்னைப் பார்த்தார். "ஒண்ணு கேக்கறேன். ரெண்டு மூணு வருஷம்னு டாக்டர் சொன்னாங்கன்னியே. அதையும் இப்படித்தான் படிச்சியா?"

மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. சமையலறை வாசலில் அண்ணி நின்றார், கண்ணால் வேண்டாம் என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அந்த இடத்தில் வாய் திறந்தவன் நான்.

"என்னாண்ணே நீங்க? அது கத. உங்க விஷயத்துல நான் பொய் சொல்லுவேனா?"

அவர் என் முகத்தை இரண்டு மூன்று வினாடி பார்த்தார். "சரி" என்றார். "பாப்பா எப்ப வரட்டும்னு கேட்டுக்கிட்டே இருக்கா. அவளுக்கு ஒரு பதில் சொல்லணும், அதான் கேட்டேன்." கைப்பேசியை எடுத்து அவளை அழைக்க ஆரம்பித்தார். அவள் முகம் திரையில் வருவதற்குள், கடையில் தே ஓ தேநீர் பொட்டலம் கட்டி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று மாடியும் இறங்கி ஓடினேன். திரும்பி வந்தபோது பேசி முடித்திருந்தார். பாப்பா தீபாவளிக்கு வருகிறாள் என்றார்.

அதன்பின் நாங்கள் வேறு நாவல் தொடங்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கேட்க அவருக்கு முடியவில்லை. ஜூலையில் குளியலறைக்குப் போவதே ஒரு பயணமாகிவிட்டது. நான் சனிக்கிழமைகளில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாவலில் அத்தனை கணக்கையும் சரிபார்த்தவர், மணிக்கு ஒரு தடவை தன் எண்ணை எழுதுகிறவர், அது இறங்குவதைப் பார்க்காமலா இருப்பார்? தெரிந்துகொண்டே, என் மனம் நோகாமலிருக்க நம்பியது போல இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

ஆகஸ்டு கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கப் போனவர் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை. தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. பாப்பாவை அழைத்து நான்தான் சொன்னேன். மறுநாள் மதியம் வந்து சேர்கிற விமானத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. அவள் வரும் வரை அண்ணனை வைத்திருப்பது என்று முடிவானது.

மறுநாள் காலை, விமான நிலையத்துக்குக் கிளம்புமுன், அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது என்பதற்கு அதில் ஒரு வரியாவது கிடைக்கும் என்று தேடினேன். தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று ஒன்று, எண்பத்தெட்டு, எண்பத்து நான்கு. சாய்ந்து சாய்ந்து இறங்கியிருந்தது, கடைசிப் பக்கங்களில் எழுத்து நடுங்கியிருந்தது. எண் குறைந்த ஒவ்வொரு நாளும் பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுதியிருந்தார். ‘பயிற்சி சரியாகச் செய்யவில்லை.’ ‘இன்று பயிற்சி ஒரு தடவைதான்.’ ‘சோம்பல். நாளை கூடுதலாகச் செய்ய வேண்டும்.’ பக்கம் பக்கமாக அதுவேதான். எண் தப்பாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை, நான் சொன்னது தப்பாக இருக்கும் என்றும் நினைக்கவில்லை. குற்றத்தைத் தன் மேல் போட்டுக்கொண்டார். நான் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதேன், அண்ணி வந்து என் தலையைத் தடவினார், அவரிடம் அதைக் காட்டவில்லை.

விமான நிலையத்தில் பாப்பா ஒரு சின்னப் பையோடு வெளியே வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள், அழவில்லை. காரில் ஏறி நெடுஞ்சாலைக்கு வரும் வரை ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, அப்பாவுக்கு என்னா வியாதின்னு விமானத்துல படிச்சிப் பாத்தேன். டாக்டர் உங்ககிட்ட என்னா சொன்னாங்க?"

முதல் தடவையாக உள்ளதைச் சொன்னேன். "ஆறு மாசம். கூடிப்போனா எட்டு."

"எப்ப சொன்னாங்க?"

"ஜனவரியில."

நான் வேகத்தைக் குறைத்து இடப்பக்கத் தடத்துக்கு வந்தேன்.

"ஜூன் மாசம் எனக்கு ரெண்டு வாரம் லீவு குடுத்தாங்க சித்தப்பா. டிக்கெட்டுகூட பாத்து வெச்சிட்டேன். அப்பாதான் போன் பண்ணி வேணாம்னாரு. ‘சித்தப்பாகிட்ட நேராவே கேட்டுட்டேன்மா, நெறய நேரம் இருக்கு, தீபாவளிக்கு வா, ஒண்ணா இருக்கலாம்’னாரு." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "எனக்கு மனசு கேக்கல. நான் சித்தப்பாவுக்குப் போன் போட்டு இன்னொரு தடவ கேக்கறேன்பான்னு சொன்னேன். வேணவே வேணாம்னுட்டாரு. ‘ரெண்டாவது தடவ கேட்டா, அண்ணன் நம்மள நம்பலயேன்னு அவன் மனசு கஷ்டப்படும்’னாரு."